‘ஃபால்மத்துக்குப் போங்க, மத்ததை அங்க சொல்றோம்’

இந்த வாரம் ஒரு கோதுமைக் கப்பலோட கதை.

1936 ஏப்ரல். இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கரையில் ஃபால்மத்னு ஒரு துறைமுகம். நாலு பாய்மரம் வச்ச ஒரு பெரிய கப்பல் அங்க வந்து நங்கூரம் போடுது. பேர் ஹெர்ட்ஸோகின் செசிலி. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன்ல கிளம்பி, பசிபிக் கடலைக் கடந்து, தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னைச் சுத்தி, அட்லாண்டிக்ல மேலேறி வந்திருக்கு. மொத்தம் 86 நாள். இன்ஜின் கிடையாது, வெறும் காத்துதான். உள்ளே நாலாயிரம் டன் வாக்கில் கோதுமை.

இவ்வளவு தூரம் வந்த கப்பலோட கேப்டன் ஸ்வென் எரிக்ஸனுக்கு ஒரு விஷயம் மட்டும் தெரியாது. இந்தக் கோதுமையை எந்த ஊர்ல இறக்கணும்?

அவர் மறந்துடல, யாரும் தப்பா எழுதிக் கொடுக்கவும் இல்ல. கிளம்பும்போதே அப்படித்தான் கிளம்பினார். அந்தக் காலக் கப்பல் ஒப்பந்தங்கள்ல இதுக்குன்னே ஒரு சொற்றொடர் உண்டு: ‘ஃபால்மத் ஃபார் ஆர்டர்ஸ்’. ஃபால்மத் வரைக்கும் வா, எங்க போகணும்னு அங்க உத்தரவு வரும்னு அர்த்தம். அயர்லாந்தில் குவீன்ஸ்டவுன்னு ஒரு துறைமுகம் இருந்துச்சு, இன்னைக்கு அதோட பேர் கோவ். அதுவும் இதே வேலைக்குத்தான். ‘குவீன்ஸ்டவுன் அல்லது ஃபால்மத்’னு சேர்த்தே எழுதுவாங்க.

நாம ஆன்லைன்ல ஒரு சட்டை ஆர்டர் போட்டா, அட்ரஸ் கொடுக்காம அடுத்த ஸ்கிரீனுக்கே போக முடியாது. இங்க பொருள் கிளம்பி மூணு மாசம் கழிச்சு அட்ரஸ் வருது. எனக்கு இது முதல்ல பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சது. கொஞ்சம் படிச்ச பிறகு, அட்ரஸோட கிளம்புறதுதான் அந்தக் காலத்துல பைத்தியக்காரத்தனம்னு புரிஞ்சது.

யோசிச்சுப் பாருங்க. 1870-கள். சான் பிரான்சிஸ்கோல கோதுமை அறுவடை முடிஞ்சாச்சு. லிவர்பூல்ல நல்ல விலை. நீங்க ஏத்தி அனுப்புறீங்க. கேப் ஹார்னைச் சுத்தி அது ஐரோப்பாவுக்கு வர நாலு மாசம், சில சமயம் அஞ்சு மாசம். அதுக்குள்ள ரஷ்யாவின் ஒடெசாவிலிருந்து கோதுமை வந்து லிவர்பூல் விலை சரிஞ்சிருக்கலாம். பிரான்ஸ்ல மழை பெஞ்சு பயிர் அழுகி, லீ ஹாவ்ர்ல விலை ஏறியிருக்கலாம். ஜனவரியில் எடுத்த முடிவை வச்சுக்கிட்டு ஜூன்ல எப்படி விக்கிறது?

அதனால முடிவைத் தள்ளிப் போட்டாங்க. கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, போய்ச்சேரும் இடத்தை ஹார்ட்கோடு பண்ணல. ஒரு வேரியபிளா விட்டுட்டு, ரன்டைம்ல மதிப்பு கொடுத்தாங்க. ஆனா வேரியபிளுக்கும் எல்லை உண்டு. ‘பிரிட்டன், அல்லது ஐரோப்பாவில் போர்தோவிலிருந்து ஹாம்பர்க் வரைக்கும் ஏதாவது ஒரு பாதுகாப்பான துறைமுகம்’ங்கிற மாதிரி ஒப்பந்தத்துல வரம்பு போட்டிருப்பாங்க. இந்த வசதி இலவசமும் இல்ல. நேரா லிவர்பூல்னு சொல்லிட்டா வாடகை கொஞ்சம் குறையும். ‘ஆர்டர்ஸ்’னா கூடும். முடிவு எடுக்காம இருக்குற உரிமைக்கு ஒரு விலை இருந்துச்சு.

கப்பல் கடல்ல வந்துக்கிட்டு இருக்கும்போதே லண்டன்ல அதோட சரக்கு கை மாறும். பால்டிக் எக்ஸ்சேஞ்ச்னு ஒரு இடம். 18-ஆம் நூற்றாண்டில் ஒரு காபி கடையா ஆரம்பிச்சு, கடைசில கப்பல் வாடகைக்கும் தானியத்துக்கும் உலகச் சந்தையா ஆனது. அங்க ‘வழியில் உள்ள சரக்கு’, ‘கரைக்கு வந்து நிற்கும் சரக்கு’ன்னு தனித்தனியா விலை பேசுவாங்க. ஒரே கோதுமை, யாரும் கண்ணால பார்க்காமலே, பல பேர் கை மாறி வரும். கப்பல்ல இருக்குறவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவங்க கேப் ஹார்ன் பக்கத்துல பனிக்கட்டி ஒட்டின பாயை விரல் மரத்துப்போய்ச் சுருட்டிக்கிட்டு இருப்பாங்க.

கலிபோர்னியாவில் ஐசக் ஃப்ரீட்லாண்டர்னு ஒருத்தர். ‘கோதுமை ராஜா’ன்னே பேர். விளைச்சல் எவ்வளவு வரும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதுக்கு ஏத்த கப்பல்களை உலகம் முழுக்கத் தேடி முதல்லயே வாடகைக்குப் பிடிச்சுடுவார். விவசாயிக்கு அவரை விட்டா வேற கப்பல் கிடைக்காது. கணக்கு தப்பின ஒரு வருஷம், 1877-ல், அவரே திவாலாயிட்டார். கோதுமையும் கப்பலும் கடல் வழியும் அப்படியேதான் இருந்துச்சு.

சரி, இப்ப முக்கியமான கேள்வி. நடுக்கடல்ல இருக்குற சரக்கை யார் திருப்பலாம்? கப்பல் முதலாளியா, அனுப்பினவரா, வாங்கினவரா, இல்ல கேப்டனா?

பதில் ஒரு காகிதம். அதுக்குப் பேர் பில் ஆஃப் லேடிங். ஷிப்பிங் ஆபீஸ்ல சுருக்கமா பி.எல். சரக்கை ஏத்திக்கிட்டேன்னு கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்குற ரசீது அது. யார் கையில அது இருக்கோ அவங்களுக்குத்தான் சரக்கு. பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டா, கப்பல் ஒரு அடி கூட நகராம சரக்கு கை மாறிடும். ஒரு பாயின்டர் மாதிரி. டேட்டா எங்கேயோ மெமரில கிடக்கு, கை மாறுறது முகவரி மட்டும்.

பாயின்டர்னா பிரச்சினையும் வரும்ல? வந்தது. 1786-ல்.

நெதர்லாந்தில் மிடில்பர்க் என்ற ஊர். டூரிங்னு ஒரு வியாபாரக் குடும்பம் அங்கிருந்து தானியம் ஏத்தி இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு அனுப்புறாங்க. ஆர்டர் கொடுத்தவர் ராட்டர்டாமில் இருந்த ஃப்ரீமன். கேப்டன் பில் ஆஃப் லேடிங்கை நாலு பிரதியா கையெழுத்துப் போடுறார். தபால் போற கப்பலே மூழ்கலாம்ங்கிற காலம், அதனால பேக்கப். ரெண்டு பிரதியில் டூரிங் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, பேர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையா விட்டு, ஃப்ரீமனுக்கு அனுப்பிடுறாங்க. ஒண்ணை அவங்களே வச்சுக்கிறாங்க. நாலாவது கேப்டன்கிட்ட.

ஃப்ரீமன் காசு உடனே கொடுக்கல. பின்னாடி ஒரு தேதியில் தர்றேன்னு உண்டியல் ஒத்துக்கிட்டார். நம்ம செட்டியார் கணக்குப் புத்தகத்துல வருமே, அதே உண்டியல் சமாச்சாரம்தான். இதுக்கு நடுவுல தன்கிட்ட வந்த பிரதிகளை லிக்பாரோ என்ற இன்னொரு வியாபாரத் தரப்புக்கு வித்துட்டார். வித்துட்டு, உண்டியல் தேதி வர்றதுக்கு முன்னாடியே திவாலாயிட்டார்.

டூரிங்குக்கு விஷயம் தெரிஞ்சதும் பதறிப் போறாங்க. காசு வரல, சரக்கு இன்னும் கடல்ல இருக்கு. தங்ககிட்ட இருந்த மூணாவது பிரதியில் கையெழுத்துப் போட்டு, லிவர்பூல்ல மேசன்னு தங்கள் ஆளுக்கு அனுப்பி, ‘நீ போய் எடுத்துக்கோ’ங்கிறாங்க. மேசன் எடுத்துட்டார். லிக்பாரோ தரப்பு வந்து, நாங்க காசு கொடுத்து வாங்கினது, எங்க பேப்பர் இதோன்னு நிக்குது.

ரெண்டு பேர் கையிலும் அசல் காகிதம். ரெண்டு பேரும் ஏமாத்தல. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் படிச்சவங்க சிரிக்கலாம். நாலு காப்பி, எது கடைசியா எழுதினதுன்னு சொல்ல ஆள் இல்ல. அப்பட்டமான ரேஸ் கண்டிஷன்.

இந்த வழக்கு எட்டு வருஷம் இழுத்தது. 1787-ல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் லிக்பாரோ பக்கம் தீர்ப்பு சொன்னது. 1790-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. 1793-ல் பிரபுக்கள் சபை வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1794-ல் மறுபடியும் லிக்பாரோ ஜெயிச்சாங்க. சாரம் இதுதான்: காசு வராத விற்பனையாளர், வாங்கினவர் நொடிச்சுப் போயிட்டா, வழியில இருக்குற சரக்கை நிறுத்தலாம், திருப்பலாம். அது அவரோட உரிமை. ஆனா அந்தக் காகிதம் நல்லெண்ணத்தோட காசு கொடுத்து வாங்கின மூணாவது ஆள் கைக்குப் போயிட்டா, அந்த உரிமை போச்சு. பேர் எழுதாம கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை ஊர்ல விட்டது நீங்க, அதனால நட்டமும் உங்களோடதுதான்.

இது ஏதோ பழைய வெள்ளைக்கார வழக்குன்னு நினைச்சுடாதீங்க. நம்ம நாட்டுல 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. அதுல 50-லிருந்து 52 வரைக்கும் உள்ள பிரிவுகள் வழியில் சரக்கை நிறுத்துற உரிமையைப் பத்தினவை. 53-ஆம் பிரிவுல லிக்பாரோ வழக்கோட முடிவு அப்படியே உட்கார்ந்திருக்கு. சென்னைத் துறைமுகத்துல இன்னைக்கு ஒரு சரக்குக்காக ரெண்டு பேர் சண்டை போட்டா, வக்கீல் இந்தப் பிரிவுகளைத்தான் புரட்டணும்.

இப்பவும் போற வழியில கன்டெய்னரை வேற ஊருக்கு மாத்தணும்னா கப்பல் கம்பெனி முதல்ல கேக்குறது, ‘அசல் பி.எல். மொத்த செட்டும் திருப்பிக் கொடுங்க’. ஒரு பிரதி வெளியில சுத்தினாலும் நாளைக்கு ஒரு மேசனும் ஒரு லிக்பாரோவும் கவுன்ட்டர்ல வந்து நிப்பாங்க. இதுக்கு ஆபீஸ்ல பேர் சேஞ்ச் ஆஃப் டெஸ்டினேஷன், சுருக்கமா சி.ஓ.டி. நமக்கு சி.ஓ.டி.ன்னா வாசல்ல காசு கொடுக்குறது, அவங்களுக்கு வாசலையே மாத்துறது. உங்க பெட்டி அடுக்கின அடியில கிடந்தா, மேல இருக்குறதை எல்லாம் இறக்கி ஏத்துற செலவும் உங்க தலையில.

மறுபடி ஃபால்மத்துக்கு வருவோம். உத்தரவை எழுதுறது லண்டன்ல. கப்பல் நிக்கிறது கார்ன்வால்ல. நடுவுல தந்தி வந்த பிறகுதான் இந்த ஏற்பாடு உண்மையிலேயே சூடு பிடிச்சது. அதுக்கு முன்னாடி கடிதம் குதிரை வண்டியில வரணும். தந்தி வந்ததும், காலையில பால்டிக்ல வித்தா சாயங்காலம் கேப்டன் கையில உத்தரவு.

ஃபால்மத்தில் கப்பல் ஏஜென்ட் தொழிலையே குடும்பத் தொழிலா வச்சிருந்தவங்க ஃபாக்ஸ் குடும்பம், ஜி.சி. ஃபாக்ஸ் கம்பெனி. அவங்க 1872-ல் ஒரு படி மேல போனாங்க. பக்கத்துல லிசார்ட் முனைன்னு ஒரு கரை, இங்கிலாந்தின் தென்கோடி. அட்லாண்டிக்ல இருந்து வர்ற கப்பல்கள் முதல்ல கண்ணால பார்க்குற நிலங்கள்ல அதுவும் ஒண்ணு. அங்க, பாஸ் பாயின்ட்ல, கடலைப் பார்த்த மாதிரி ஒரு சிக்னல் நிலையம் கட்டினாங்க. கப்பல் கொடியை ஏத்தி, நான் இன்னார்னு சொல்லும். நிலையத்துல இருக்குறவர் படிச்சுட்டு, லண்டனுக்குத் தகவல் போகும். உத்தரவு தயாரா இருந்தா, கரையிலிருந்து கொடியாலயே பதில். கப்பல் துறைமுகத்துக்குள்ள நுழையாமலே திரும்பிப் போயிடலாம். நங்கூரச் செலவு, பைலட் செலவு எல்லாம் மிச்சம். 1883-ல் அந்த நிலையத்தை லாய்ட்ஸ் எடுத்துக்கிட்டாங்க. அதே முனைக்கிட்ட 1901 ஜனவரியில் மார்க்கோனி, 186 மைல் தள்ளி ஐல் ஆஃப் வைட்டிலிருந்து வந்த வயர்லெஸ் சிக்னலைப் பிடிச்சார். கொடியும் ரேடியோவும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச துணுக்கு ஒண்ணு. 1870-ல் பிரிட்டனையும் இந்தியாவையும் கடலடி தந்திக் கேபிள் இணைச்சது. லண்டன் பக்கத்து முனையை ஃபால்மத்தில்தான் கரையேத்துறதா முதல் திட்டம். கேபிள் கம்பெனியோட பேரே ‘ஃபால்மத், ஜிப்ரால்டர், மால்டா தந்திக் கம்பெனி’. ஆனா ஃபால்மத் துறைமுகத்துல எப்பவும் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிக்கும், நங்கூரம் இழுத்துக் கேபிளை அறுத்துடுமேன்னு பயந்து, போர்த்கர்னோன்னு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்னக் கடற்கரைக்கு மாத்திட்டாங்க. கேபிளுக்கே வழியில அட்ரஸ் மாறிடுச்சு!

அந்தக் கேபிள் வந்த பிறகு ரங்கூன் விலையும் லண்டன் விலையும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நகர ஆரம்பிச்சது. பர்மா அரிசியும் இதே முறையில்தான் போனது. ரங்கூன், அக்யாப், பாசீன், மோல்மீன் துறைமுகங்கள்ல அரிசி ஏத்தின பாய்மரக் கப்பல்கள் பல, ஐரோப்பாவில் எந்த ஊர்னு முடிவாகாமலே ‘ஆர்டர்ஸ்’க்காகக் கிளம்பின. அந்த அரிசியை விளைவிச்ச டெல்டா விவசாயிக்குக் கடன் கொடுத்தவங்கள்ல பெரிய பங்கு நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடது. ஏற்றுமதி மட்டும் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகள் கையில. விவசாயி நெல்லை உள்ளூர்ல கிடைச்ச விலைக்கு வித்துட்டு வட்டி கட்டணும். நல்ல விலை வர்ற ஊரைத் தேடி நாலு மாசம் காத்திருக்குற வசதி, பில் ஆஃப் லேடிங் வச்சிருந்தவருக்கு மட்டும்தான். சரக்கைத் திருப்புறதுன்னு நாம பேசும்போது யாருக்கு அந்தத் திருப்புற சக்தி இருக்குன்னும் சேர்த்துக் கேக்கணும்னு எனக்குத் தோணுது. சக்தி ஒரு பக்கம், காத்திருப்பும் ஆபத்தும் இன்னொரு பக்கம்.

ஃபால்மத்தில் காத்திருப்பே ஒரு ஊர்ப் பொருளாதாரம். குவே பன்ட்னு சின்னப் பாய்ப்படகுகள் இருந்துச்சு. மளிகை, கறி, துணி, எது வேணும்னாலும் நாங்க தர்றோம்னு ஆர்டர் பிடிக்க, கடலுக்குள்ள லிசார்டையும் தாண்டிப் போய், வர்ற கப்பலை முதல்ல எட்டிப் பிடிக்கிறவங்க ஜெயிப்பாங்க. மூணு நாலு மாசமா உப்புக்கறி சாப்பிட்ட ஆளுங்களுக்கு ஒரு ரொட்டியைக் காட்டினா போதும். மாலுமிகளுக்கு மட்டும் சம்பளக் கணக்கு இங்க முடியாது. பயணம் முடியுறது சரக்கு இறங்குற ஊர்ல. அது இன்னும் எதுன்னு தெரியல.

1914 ஆகஸ்ட்ல இந்தக் காத்திருப்பு வேற மாதிரி ஆச்சு. பல பாய்மரக் கப்பல்கள்ல ரேடியோ கிடையாது. அமைதிக் காலத்துல தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பின ஜெர்மன் கப்பல்கள், போர் தொடங்கினதே தெரியாம, வழக்கம்போல உத்தரவு வாங்க இங்கிலாந்துக் கரைக்கு வந்தன. உத்தரவுக்குப் பதில் கைதுதான் கிடைச்சது. எல்லா மெசேஜும் ஒரே இடத்துல வாங்கிக்கலாம்னு டிசைன் பண்ணினா, அந்த இடம் யார் கையில இருக்குங்கிறது ரொம்ப முக்கியம்.

முதல் உலகப் போருக்குப் பிறகு நீராவிக் கப்பல்கள் எல்லா இடத்தையும் பிடிச்சாச்சு. ஆனாலும் ஒரு மனுஷர் பாய்மரத்தை விடல. பின்லாந்தின் ஆலண்ட் தீவுகள்ல மாரியஹாம்ன் என்ற ஊரைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக்ஸன். மத்தவங்க பழைய இரும்பு விலைக்குக் கழிச்சுக் கட்டின பெரிய பாய்க் கப்பல்களை வாங்கினார். ஹெர்ட்ஸோகின் செசிலி 1902-ல் ஜெர்மனியில் கட்டினது, அதை 1921-ல் வாங்கினார். எரிபொருள் செலவு இல்ல. ஆஸ்திரேலியக் கோதுமைக்கு அவசரமும் இல்ல. மெதுவா வர்ற கப்பல் உண்மையில ஒரு மிதக்குற கிடங்கு. மூணு, நாலு மாசத்துக்கு வாடகை இல்லாத கோடவுன், அதோட எந்த ஊர்ல வேணும்னாலும் போய் நிக்கிற கோடவுன். தானிய வியாபாரிக்கு இதைவிட என்ன வேணும்? அந்த மெதுவான கப்பல்களுக்குள்ளயே யார் முதல்ல வர்றதுன்னு வருஷா வருஷம் போட்டி, பத்திரிகையில செய்தி. செசிலி அதுல பல தடவை முதல்ல வந்த கப்பல்.

இப்ப 1936-க்குத் திரும்புவோம். ஃபால்மத்தில் உத்தரவு வந்தாச்சு. இப்ஸ்விச். அது இங்கிலாந்தின் கிழக்குக் கரை. அதாவது உலகத்தின் பாதியைச் சுத்தி வந்த பிறகு, கப்பல் நெரிசலும் பாறையும் மூடுபனியும் நிறைஞ்ச ஆங்கிலக் கால்வாய் முழுக்கத் தாண்டணும். திறந்த கடல்ல பாய்க் கப்பலுக்கு ஆபத்து குறைவு, கரைக்குப் பக்கத்துலதான் எமன். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்க வரைக்கும் இருந்ததைவிட, மிச்சம் இருந்த இந்தத் துண்டுதான் கஷ்டமானது. லண்டன்ல உத்தரவு எழுதினவருக்கு இப்ஸ்விச்சும் கார்டிஃபும் ஒரே தாளில் ரெண்டு வார்த்தை. கப்பலுக்கு அது வேற வேற கடல்.

ஏப்ரல் 24 ராத்திரி கிளம்பினாங்க. மூடுபனி. 25-ஆம் தேதி விடிகாலையில, டெவன் கரையில், சோர் மில் கோவ் பக்கத்துல ஹாம் ஸ்டோன் பாறையில மோதி, கரையோரம் போய்ச் சிக்கிக்கிச்சு. சால்கம் உயிர்காப்புப் படகு வந்து பெரும்பாலான ஆட்களை ஏத்திக்கிச்சு. கேப்டன் எரிக்ஸனும் அவர் மனைவி பமேலாவும் சிலரும் கப்பலை விட்டு இறங்கல. யாரும் சாகல. ஆனா அடியில ஓட்டை விழுந்து தண்ணி உள்ள வந்துடுச்சு.

கோதுமைல தண்ணி பட்டா என்ன ஆகும்னு ஊற வச்ச சுண்டலைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். உப்பும். நாலாயிரம் டன் உப்பினா கப்பலோட தளத்தையே மேல தள்ளும். அப்புறம் புளிச்சு, அழுகி, நாத்தம். கப்பலைப் பார்க்கக் கூட்டம் கூட்டமா ஜனங்க வந்தாங்க. ஆனா பக்கத்துல இருந்த சால்கம் துறைமுகத்துக்குள்ள இழுத்துட்டு வந்து பழுது பார்க்கலாம்னப்போ, அந்த நாத்தம் எங்களுக்கு வேண்டாம்னு எதிர்ப்பு. ஜூன்ல இழுத்து, வெளியில இருந்த ஸ்டேர்ஹோல் விரிகுடாவில் கொண்டுபோய் விட்டாங்க. அங்க அலையில முதுகு முறிஞ்சது. வேணும்னா இங்க, வேணும்னா அங்கன்னு எத்தனையோ துறைமுகத்துக்குப் போயிருக்கக்கூடிய சரக்கு, கடைசியில எந்தத் துறைமுகமும் வேண்டாம்னு சொன்ன சரக்கு ஆச்சு. அதோட மிச்சம் இன்னும் அந்தத் தண்ணிக்கடியில் கிடக்கு.

1939-ல் அந்தத் தானியப் போட்டியின் கடைசிப் பெரிய ஓட்டம். எரிக்ஸனோட மோஷுலு, போர்ட் விக்டோரியாவிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு 91 நாள்ல வந்து ஜெயிச்சது. உத்தரவு: கிளாஸ்கோ. அதுல மாலுமியா வேலை பார்த்த எரிக் நியூபி என்ற இளைஞர், பின்னாடி அந்தப் பயணத்தைப் புத்தகமா எழுதினார். சில மாசத்துல ரெண்டாம் உலகப் போர். மோஷுலு இன்னைக்கு அமெரிக்காவில் பிலடெல்பியா ஆத்தங்கரையில் ஒரு ரெஸ்டாரன்ட்.

பாய்மரம் போச்சு, பழக்கம் போகல. 2018 ஜூலைல பீக் பெகாசஸ்னு ஒரு கப்பல் சுமார் 70,000 டன் அமெரிக்க சோயாவோட சீனாவின் டாலியனுக்கு ஓடினது ஞாபகம் இருக்கா? ஜூலை 6-ஆம் தேதி சீனா 25 சதவீத வரி போடுது, அதுக்குள்ள போய்ச் சேரணும். சீன சோஷியல் மீடியா முழுக்க அந்தக் கப்பலுக்கு உற்சாகக் குரல். சில மணி நேரத்துல தவற விட்டது. அப்புறம் இறக்குறதா, வேற நாட்டுக்குத் திருப்புறதான்னு முடிவாகாம, ஒரு மாசத்துக்கு மேல டாலியன் கரைக்கு வெளியில வட்டம் போட்டுக்கிட்டே இருந்தது. கடைசில ஆகஸ்ட்ல டாலியன்லயே இறக்கினாங்க. வட்டம் போடுற செலவு பெருசுதான், ஆனா தப்பான இடத்துல இறக்குற நட்டம் அதைவிடப் பெருசுன்னு யாரோ ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல பார்த்திருப்பாங்க.

எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர் எண்ணெய்க் கப்பல்ல இன்ஜினியர். இந்த எபிசோடுக்காக அவர்கிட்ட பேசினேன். கப்பல்கள் எங்க போகுதுன்னு காட்டுற டிராக்கிங் தளங்கள்ல டெஸ்டினேஷன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல பல டேங்கர்களுக்கு ஊர்ப் பேர் இருக்காது, ‘ஃபார் ஆர்டர்ஸ்’னே இருக்கும். “எழுத்து மாறாம அப்படியேதான்டா இருக்கு”ன்னார். அவருக்கு அந்த வார்த்தை வரலாறு இல்ல. ஒப்பந்தக் காலம் முடிஞ்சு அவர் இறங்கணும்னா கப்பல் ஏதாவது ஒரு துறைமுகத்தைத் தொடணும். எந்தத் துறைமுகம்னு தெரிஞ்சாதான் மாத்து ஆளுக்கு டிக்கெட் போடுவாங்க. போன தடவை ஒரு ஊருக்குப் போறோம்னு வீட்டுல சொல்லி, அவங்க நாள் எண்ண ஆரம்பிச்ச பிறகு, நடுக்கடல்ல ஒரு இமெயில் வந்து கப்பல் திரும்பிடுச்சாம். வீட்டுக்கு வர அஞ்சு வாரம் கூடுதலா ஆச்சு. இப்பல்லாம் ஊர்ப் பேரே சொல்றதில்ல, “ஆர்டர்ஸ் வரட்டும்”னு மட்டும் சொல்றாராம்.

போர்த்கர்னோ கேபிளைப் பத்தி இன்னைக்கு ரெண்டு வரியில முடிச்சுட்டேன், அதுக்கு ஒரு முழு எபிசோடு வேணும். அடுத்த வாரம் அதான். உங்க வீட்டுல யாராவது கப்பல்லயோ துறைமுகத்துலயோ வேலை பார்த்திருந்தா, இந்த மாதிரி வழியில திரும்பின கதை இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வரட்டுமா.